கசிவும் கடமையும்

பெருங்குற்றங்களைப் பற்றி எழுதியோர் பலர். கொலையும் களவும் துரோகமும் காவியங்களுக்குக் கருவாயின, நீதிமன்றங்களுக்கு வழக்காயின. ஒரு துளி எண்ணெயைப் பற்றி எழுதியோர் அரியர். ஆயினும் பெருங்குற்றம் புரியும் வாய்ப்பு மனிதர் பலருக்கு வாழ்நாள் முழுவதும் வாய்ப்பதே இல்லை. சொட்டுச் சொட்டாய் ஒழுகும் ஒரு குறையைக் கண்டும் காணாதவர்போல் அப்பால் செல்லும் வாய்ப்போ நாள்தோறும் அவர்களைத் தேடி வருகிறது. இந்தக் குறையை எவ்வளவு தூரம் திருத்தக் கடமைப்பட்டுள்ளோம்? எவ்வளவோடு நின்றால் அது குற்றமாகும்? இவ்வினாவிற்கு விடை தேட ஏட்டுச் சாலையினும் பொருத்தமானதோர் இடம் உண்டு. அது டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறை.

கடாரம் என்று பழந்தமிழர் அறிந்திருந்த கெடா மண்ணில், சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் ஆகிய ஊர்களைச் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்த நாள்களில், தோட்டத்தின் சுமையை இழுத்தவை டிராக்டர்கள். பால் தொட்டியையும் உர மூட்டையையும், பின்னர் செம்பனைக் குலைகளையும் அவை சுமந்தன. இழுவை வண்டியில் தொழிலாளரையும் ஏற்றிச் சென்றன. அவற்றுள் மாஸி பெர்குசன் வகைகள் நன்கு அறிமுகமானவை. 135 என்னும் எண் கொண்ட வகை 1964 முதல் 1975 வரை இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரிலுள்ள பானர் லேன் ஆலையில் உருவானது. அவ்வாலையில் 2002-ஆம் ஆண்டின் இறுதியோடு டிராக்டர் உற்பத்தி நின்றுபோயிற்று. பெற்றெடுத்த ஆலை மறைந்த பின்னும் பிள்ளைகள் சில உழைத்துக்கொண்டிருக்கின்றன. மாஸி பெர்குசன் கூட்டுறவோடு 1960-இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனம் அவற்றின் வழிவந்த வகைகளைத் தொடர்ந்து உருவாக்கி வருவதால், அந்தப் பரம்பரை இன்னும் அற்றுப்போகவில்லை.

பழைய டிராக்டர் ஒன்று இரவு நின்ற இடத்தைக் காலையில் பார்த்தால் தரையில் கரிய வட்டம் ஒன்று தெரியும். பழகிய கண்ணுக்கு அந்த வட்டம் ஒரு கடிதம் போன்றது. முன்பக்கமா, நடுவிலா, பின்சக்கரத்தின் உட்புறமா என்று பார்த்தே எந்தத் தண்டின் சீல் தேய்ந்துள்ளது என்பதைப் பட்டறைக்காரர் ஏறத்தாழச் சொல்லிவிடுவார்.

ஆயில் சீல் என்பது கண்ணுக்கு மிக எளிய பொருள். உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்பு வளையம். அதன் உள்விளிம்பில் ரப்பர் உதடு. அவ்வுதட்டைத் தண்டின்மீது மெல்ல அணைத்துப் பிடிக்கும் மெல்லிய சுருள் கம்பி. சுழலும் தண்டு கூட்டுக்கு வெளியே வந்தாக வேண்டும். உள்ளிருக்கும் எண்ணெய் வெளியே வரக்கூடாது. அசைவதற்கும் அசையாததற்கும் இடையில் நின்று, ஒன்றை விடுத்து மற்றொன்றை மறிக்கும் வாயிற்காவலன் அது. இன்னும் நுணுகி நோக்குங்கால் வியப்பு மிகும். உதடு தண்டை நேராகத் தொடுவதில்லை. இரண்டிற்கும் நடுவே மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு அளவுள்ள எண்ணெய்ப் படலம் இருக்கிறது. அந்தப் படலம் வற்றினால் உதடு கருகிவிடும், மிகுந்தால் ஒழுகிவிடும். எண்ணெயை முற்றிலும் விலக்கி வைக்கும் சீல் நெடுநாள் வாழாது. தான் தடுக்க வேண்டிய பொருளாலேயே சிறிது நனைந்திருப்பதுதான் அதன் உயிர்.

பண்டைக்காலத்தில் இந்த வேலையைத் தோலும் கம்பளித் திரியும் செய்தன. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் தோல் பதனிடும் தொழில் நடத்திய பிராய்டன்பெர்க் நிறுவனத்தார் 1930-களில் தோலாலான சீல்களை வளர்த்தெடுத்தனர். வால்ட்டர் சிம்மர் என்னும் பொறியாளரின் பெயரால் அவை இன்றும் வழங்குகின்றன. பின்பு தோலின் இடத்தைச் செயற்கை ரப்பர் பிடித்தது. ஏன் செயற்கை ரப்பர்? இங்கேதான் தோட்டத்து மக்கள் எண்ணிப் பார்க்கத்தக்க முரண் ஒன்று ஒளிந்திருக்கிறது. மரத்தின் பாலிலிருந்து பெறும் இயற்கை ரப்பர் கனிம எண்ணெய் பட்டால் ஊதிப் பருத்து, வலுவிழந்து போகும். ஆகவே கெடாவின் தொழிலாளி விடியற்காலை இருளில் விளக்கைக் கட்டிக்கொண்டு சீவிய பால், டிராக்டரின் டயராக உருண்டது. அதே டிராக்டரின் சீலாக நிற்க அதற்குத் தகுதியில்லை. அதற்குரிய நைட்ரைல் ரப்பர் 1930-களிலேயே ஜெர்மானிய வேதியியலார் கண்டது. 1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படைகளின் அரண் உடைந்து, மலாயாவின் ரப்பர் ஜப்பானியர் கைக்குப் போனபின், அமெரிக்காவில் செயற்கை ரப்பர் ஆலைகள் விரைந்து எழுந்தன. போர் முடிந்து மரத்துப் பால் மீண்டும் சந்தைக்கு வந்தபோது, அது அங்கே ஒரு போட்டியாளனைக் கண்டது. ஒரு சிறு வளையத்தின் உள்விளிம்பில் இத்தனை வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனினும் இது ஒரு கிளைப்பேச்சு.

சீல் ஒழுகுகிறது என்றால் புதிய சீல் போடுவதே மருந்து என்று எவரும் கருதுவர். அனுபவம் உடையவர் அவ்வாறு கருதுவதில்லை. பழைய சீலைக் கழற்றிய பின் அவர் முதலில் செய்வது தண்டைத் துடைத்து நகத்தால் தடவிப் பார்ப்பது. பல தண்டுகளில் சீலின் உதடு படிந்திருந்த இடத்தில் வட்டமான பள்ளம் ஒன்று நகத்தில் தட்டுப்படும். மென்மையான ரப்பர் கடினமான எஃகை அறுத்திருக்கிறது! உண்மையில் அறுத்தது ரப்பர் மட்டும் அன்று. தோட்டத்துச் செம்மண் புழுதி எண்ணெயில் கலந்து, உதட்டில் பதிந்து, அரமாக மாறி ஆண்டுக்கணக்கில் இழைத்திருக்கிறது. அந்தப் பள்ளத்தின்மீது எத்தனை புதிய சீல் போட்டாலும் சில வாரங்களில் மீண்டும் ஒழுகும். புதிய உதடு பழைய தடத்தில் படியாதவாறு சீலைச் சிறிது தள்ளிப் பொருத்த வேண்டும். அல்லது தண்டின்மீது மெல்லிய எஃகு உறை ஒன்றை ஏற்ற வேண்டும். அதற்கும் இடம் இல்லையெனில் தண்டையே மாற்ற வேண்டும்.

பள்ளம் இல்லையாயின் தேடல் வேறிடம் செல்லும். பேரிங் தேய்ந்து தண்டு ஆடினால் நல்ல சீலும் நில்லாது. காற்றுப்போக்கித் துளை புழுதியால் அடைபட்டால், சூடேறிய கூட்டினுள் அழுத்தம் பெருகி, எண்ணெய் தனக்கு எளிதான வழியில் பிதுங்கும். அங்கே சீல் குற்றவாளி அன்று, தண்டனை பெறுபவன் மட்டுமே. அளவுக்கு மீறி எண்ணெய் ஊற்றிய கையும் சில வேளைகளில் காரணமாகும். நோயைக் கண்டதோடு நில்லாமல் அதன் காரணத்தையும் கண்டு தெளிய வேண்டும் என்னும் வள்ளுவரின் கருத்தை வகுப்பறையில் மருத்துவனுக்குச் சொன்னதாகவே விளக்கி முடிப்பது வழக்கம். அவ்விளக்கத்தைக் கேட்ட மாணவர் ஒருவர் கைகளில் கிரீஸ் படிய ஒரு நாள் பட்டறையில் நின்றிருப்பாராயின் அக்குறளை மறக்கவே மாட்டார்.

இதுவரை கூறியது திறமையைப் பற்றியது. அறத்தின் கேள்வி இனிமேல்தான் எழுகிறது.

பெர்குசன் வழிவந்த டிராக்டர்களுக்குத் தனியே அடிச்சட்டம் கிடையாது. எஞ்சின், கியர்பெட்டி, பின்அச்சுக் கூடு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று முடுக்கப்பட்டு அவையே முதுகெலும்பாக நிற்கின்றன. எஞ்சினின் பின்புறத்தில், கிளட்சுக்கு அருகே உள்ள சீல் ஒழுகினால் அதை வெளியிலிருந்து தொட இயலாது. டிராக்டரை நடுவே இரண்டாகப் பிரிக்க வேண்டும். முன்பாதியைத் தாங்கு கட்டைமீது நிறுத்தி, பின்பாதியைப் பையப் பின்னுக்கு உருட்டி, கிளட்சைக் கழற்றி, பறக்கும் சக்கரத்தையும் இறக்கிய பின்னரே அந்த இடம் முகம் காட்டும். 135-இல் பொருத்தப்பட்ட மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சினில் அங்கே இருப்பது கயிறு போன்ற திரியை இரு அரைவட்டக் கூடுகளில் அழுத்திச் செய்த பழைய வகைச் சீல். திரியின் விலை சில வெள்ளி. அதை அடையும் வழியின் விலை ஒருவருடைய நாள்கள். பொருளின் மதிப்பிற்கும் உழைப்பின் மதிப்பிற்கும் இடையே இத்துணைப் பெரிய இடைவெளி தோன்றும் இடத்தில்தான் சோதனைக்காரன் வந்து அமர்கிறான்.

இந்த டிராக்டர்களை வடிவமைத்தோர் மனித இயல்பை அறிந்தோராய் இருந்திருக்க வேண்டும். கிளட்ச் கூட்டின் அடியில் அவர்கள் ஒரு துளையை விட்டு, அதில் காட்டர் பின் ஒன்றைத் தளர்வாகத் தொங்கவிட்டனர். எஞ்சின் அதிரும்போது அந்தப் பின்னும் ஆடி, துளை சேற்றால் அடைபடாமல் காக்கும். உள்ளே சீல் ஒழுகினால் எண்ணெய் கூட்டினுள் தேங்கிக் கிளட்சை நனைக்காமல் அத்துளை வழியே தரையில் சொட்டும். குறையை மறைக்காமல் வெளியே அறிவிப்பதற்கென்றே ஒரு வாய் அமைத்து, அந்த வாய் மூடிவிடாதபடி அதற்கு ஒரு நாவையும் வைத்தனர் எனலாம்.

அந்தத் துளையை அடைத்துவிடுவோர் உளர். மரக்கட்டையோ பசையோ வைத்து அடைத்த மறுநாளே தரை சுத்தமாகிவிடும். டிராக்டரை விற்க நினைப்பவர்க்கு அது ஒரு நாள் வேலை. மேலாளர் பார்வையிட வரும் நாளில் தளம் உலர்ந்திருக்க வேண்டும் என்று அஞ்சுபவர்க்கு அரைமணி வேலை. எண்ணெயோ நின்றபாடில்லை. அது உள்ளே தேங்கி, கிளட்ச் தகட்டில் ஏறி, சுமையோடு மேடேறும் ஒரு நாளில் வழுக்கத் தொடங்கும். சொட்டியபோது ஒரு புட்டி எண்ணெயோடு போயிருக்க வேண்டிய இழப்பு, அடைத்தபின் கிளட்சையும் சேர்த்து விழுங்குகிறது.

ஒழுகுவது குற்றமா, ஒழுகுவதை மறைப்பது குற்றமா? இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது கண்டிப்புடைமைபோல் தோன்றும். உண்மையில் அது சிந்தனைச் சோம்பல். சிறு தோட்டக்காரர் ஒருவர் தம் பழைய டிராக்டரின் எஞ்சின் சீல் ஒழுகுவதை அறிந்தே, வாரந்தோறும் எண்ணெய் அளவைப் பார்த்து ஊற்றிக்கொண்டு ஓராண்டு ஓட்டலாம். பிள்ளையின் படிப்புக்கு எடுத்து வைத்த பணத்தை டிராக்டரைப் பிளப்பதற்குச் செலவிட அவர் மறுத்தால் அதை ஒழுக்கக்கேடு என்று பழிப்பவர் வறுமையை அறியாதவர். அவர் குறையை அறிவார், அதன் இழப்பைத் தாமே ஏற்கிறார், ஒருவரையும் ஏமாற்றவில்லை. அவருக்குப் பட்டறைக்காரர் சொல்ல வேண்டியது உண்மை நிலையை மட்டுமே. எதுவரை திருத்துவது என்று முடிவு செய்யும் உரிமை பொருளுக்கு உரியவருடையது.

அந்த உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையைக் காட்டுவது பின்சக்கரம். இவ்வகை டிராக்டர்களில் பிரேக் டிரம்கள் பின்அச்சின் இரு முனைகளிலும் உள்ளன. அச்சுத்தண்டின் சீல் தேய்ந்தால், எண்ணெய் தரையில் சொட்டுவதற்கு முன்பே பிரேக் பட்டைகளை நனைத்துவிடும். பட்டையைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி உப்புத்தாளால் தேய்த்துப் போடுவது சிலருடைய வழக்கம்; சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடியும் மேலே வரும். இதில் மற்றோர் இடரும் உண்டு. வயலில் திரும்புவதற்கு உதவியாக இடம், வலம் இரு பிரேக்குகளும் தனித்தனி மிதியால் இயங்குகின்றன. சாலையில் செல்லும்போது மிதிகள் இரண்டையும் கொக்கியால் இணைக்க வேண்டும். இணைத்து மிதித்தாலும் ஒருபக்கப் பட்டை எண்ணெயில் நனைந்திருந்தால் மறுபக்கம் மட்டும் பிடிக்கும். டிராக்டர் அந்தப் பக்கம் சுழலும். குனோங் ஜெராய் அடிவாரத்திலோ பாலிங் பக்கத்து மேடுகளிலோ, பின்னால் சுமையேறிய இழுவை வண்டி தள்ள, சரிவில் இறங்கும் டிராக்டர் ஒருபுறம் சுழன்றால் என்ன நிகழும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

அந்த வண்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருப்பவரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. சீல் என்றொரு பொருள் இருப்பதே அவருக்குத் தெரியாது. உரியவர் தம் இழப்பைத் தாம் ஏற்கிறேன் என்று எஞ்சின் சீலைப் பற்றிச் சொல்லலாம், அச்சுச் சீலைப் பற்றிச் சொல்ல இயலாது, இழப்பு அவருடையதன்று. ஆகவே ஒரே பட்டறையில், ஒரே விலையுள்ள இரண்டு ரப்பர் வளையங்களுள் ஒன்று பொருளாதாரக் கேள்வியாகவும் மற்றொன்று அறக்கேள்வியாகவும் மாறிவிடுகிறது. உரியவர் வேண்டாம் என்று கூறியும் பட்டறைக்காரர் பணிய மறுக்க வேண்டிய இடம் இது. வண்டியை ஓட்டாதீர் என்றாவது அவர் சொல்லியாக வேண்டும்.

சொல்வது எளிதா? தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்தவர் தம் விருப்பப்படி செயல்பட்டவர் அல்லர். அவருக்கு மேல் கிராணி. கிராணிக்கு மேல் துரை. அவருக்கும் மேல் எங்கோ ஒரு நகரத்து அலுவலகம். உதிரிப்பாகம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த மாதக் கணக்கில் பார்க்கலாம் என்று விடை வரக்கூடும். சுமை இன்றே போயாக வேண்டும். விபத்து நேர்ந்தபின் விசாரணை மட்டும் ஏணியின் மேற்படியை விட்டுக் கீழ்ப்படியிலிருந்து தொடங்கும். அறநூல்கள் பேசும் தனிமனிதக் கடமை இத்தகைய ஏணியில் எந்தப் படியில் நிற்கிறது என்னும் கேள்விக்கு எளிய விடை இல்லை. ஆயினும் ஒன்று கூறலாம். பணத்தைத் தரும் அதிகாரம் பட்டறைக்காரரிடம் இல்லாதிருக்கலாம். குறையை எழுதி வைக்கும் பென்சில் அவரிடம் உண்டு. எழுதிக் கொடுத்ததைக் கிடப்பில் போட்டவர் அந்தக் கணத்திலிருந்து அறியாதவர் அல்லர்.

அறிந்தோர் எழுதிக் கொடுத்தும் நிகழ்ந்த பேரழிவு ஒன்றை உலகம் கண்டது. 1986 ஜனவரி 28-இல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறி எழுவர் மாண்டனர். காரணம் ஒரு ரப்பர் வளையம். உந்துகலத்தின் இணைப்பை மூடியிருந்த அந்த வளையம் உறைநிலையை ஒட்டிய குளிரில் விறைத்துத் தன் வேலையைச் செய்யத் தவறியது. முந்தைய பயணங்கள் சிலவற்றிலேயே வளையம் அரிக்கப்பட்டிருந்ததைப் பொறியாளர் கண்டிருந்தனர். ரோஜர் பாய்ஸ்ஜாலி என்பவர் அதற்கு முந்தைய ஆண்டே எழுத்தால் எச்சரித்தார். முந்தைய இரவும் அவரும் உடனிருந்த பொறியாளரும் வேண்டாம் என்று வாதாடினர். அவர்தம் குரல் எடுபடவில்லை. சுழலும் தண்டின் சீலுக்கும் அசையாத இணைப்பின் வளையத்திற்கும் அமைப்பில் வேறுபாடு உண்டு. மனிதர் நடந்துகொண்ட முறையில் வேறுபாடு இல்லை. ‘இத்தனை முறை ஒழுகியும் ஒன்றும் ஆகவில்லையே’ என்பதே விண்வெளித் தளத்திலும் தோட்டத்துப் பட்டறையிலும் ஒலிக்கும் வாதம். ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும் குறை சிறிதாகித் தோன்றுகிறது. உண்மையிலோ பள்ளம் ஆழமாகிக்கொண்டிருக்கிறது.

யாருக்கும் தீங்கில்லை என்று கருதப்படும் கசிவைப் பற்றியும் ஒரு சொல். கெடாவின் வடபுறத்தில் மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970 முதல் நெல்வயல்களை ஆண்டுக்கு இருபோகம் விளையச் செய்தது. அங்கே டிராக்டர் இறங்குவது உலர்ந்த மண்ணில் மட்டுமன்று, நீர் நின்ற சேற்றிலும்தான். சேற்றில் சீல் இருமடங்கு உழைக்கிறது: உள்ளிருக்கும் எண்ணெய் வெளியேறாமலும் வெளியிலுள்ள நீர் உள்ளேறாமலும் காக்கிறது. தேய்ந்த சீல் இரண்டிற்கும் வழிவிடும். சொட்டும் எண்ணெய் வானவில் நிறங்காட்டி நீரின்மேல் படர்ந்து, வரப்பைக் கடந்து, அண்டை வயலுக்குப் போகும். யாருடைய எண்ணெய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்க ஆள் இல்லாத இழப்பு இழப்பே இல்லை என்று ஆகிவிடுமா?

வேலையின் கடைசிப் பகுதி சில நிமிடங்களே. பள்ளத்தைச் சீர்செய்து, காற்றுப்போக்கியைத் துடைத்து, தண்டின் கூரிய பற்கள் புதிய உதட்டைக் கீறாதபடி அவற்றின்மேல் மெல்லிய தாளைச் சுற்றி, உதட்டில் எண்ணெய் தடவி, அது எண்ணெய்ப் பக்கம் நோக்கியிருக்கச் சீலை வைத்து, அகன்ற குழாய்த் துண்டொன்றால் நாற்புறமும் சமமாகத் தட்டி இறக்க வேண்டும். ஒருபக்கம் சாய்ந்து இறங்கினால் முந்திய நாள்களின் உழைப்பெல்லாம் வீண். உலர்ந்த உதட்டோடு பொருத்தினால் முதல் சில நிமிடச் சுழற்சியிலேயே கருகும். பின்பு பாதிகளைச் சேர்த்து முடுக்கி, எண்ணெய் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச் கூட்டின் அடியில் ஓர் அட்டையை விரித்துவிட்டுப் பட்டறையைச் சாத்துவார்கள்.

மறுநாள் காலை பட்டறைப் பையன் முழங்காலிட்டு அட்டையை இழுத்துப் பார்க்கிறான். உலர்ந்திருக்கிறது. துளையில் காட்டர் பின் முன்போல் தளர்ந்து தொங்குகிறது. டிராக்டரை எடுக்க வந்த உரிமையாளருக்கு வெளியே புதிதாக ஒன்றும் தெரியவில்லை. இதற்கா இத்தனை நாள் என்று கேட்கிறார். பட்டறைக்காரர் விடை கூறாமல், பழைய திரியையும் அச்சிலிருந்து எடுத்த பழைய சீலையும் ஒரு செய்தித்தாள் துண்டில் வைத்து அவர் கையில் கொடுக்கிறார். உரிமையாளர் சீலின் உதட்டை விரலால் தடவிப் பார்க்கிறார், கல்போல் இறுகியிருக்கிறது. தாளைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, கூலியை எண்ணத் தொடங்குகிறார்.